குறை கைராசியில் இல்லை, இரவில்!

“செவ்வந்தி வாங்கி வைத்தேன். இலை மட்டும் தளதளவென்று வளர்கிறது, மொட்டே காணோம். எனக்குக் கைராசி இல்லை.” தீபாவளி நெருங்கும்போது அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கைராசியைக் குறை சொல்லும் முன், செடிக்கு மேலே எரியும் தாழ்வார விளக்கைப் பாருங்கள் என்பேன்.

செவ்வந்தி இலையுதிர்காலப் பூ. குளிர்நாடுகளில் செப்டம்பர், அக்டோபரில் பகல் சுருங்கி இரவு நீளும்போது மொட்டு விடும். ஒளியின் கால அளவுக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை கார்னர், அலார்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1920இல் விளக்கினார்கள். இலையிலுள்ள ‘ஃபைட்டோகுரோம்’ என்ற நிறமி ஒளியை உணர்ந்து, செடி இரவை அளக்க உதவுகிறது.

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இரவு சுமார் 12 மணி நேரம். செவ்வந்தி பூக்க அது போதும். ஆனால் இரவு முழுவதும் பக்கத்திலேயே விளக்கு எரிந்தால், செடிக்கு அது இரவே அல்ல. கேமரன் மலையின் செவ்வந்தி விவசாயிகள் இதே உண்மையை வேறுவிதமாகப் பயன்படுத்துகிறார்கள். இளஞ்செடிகளுக்கு இரவில் விளக்குப் போட்டுப் பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள். தண்டு தேவையான உயரம் வளர்ந்ததும் விளக்கை அணைக்கிறார்கள். நாம் தெரியாமல் செய்யும் தவற்றை அவர்கள் தெரிந்தே தொழில்நுட்பமாக்கிவிட்டார்கள்!

இணையத்தில் வரும் இலையுதிர்காலத் தோட்டக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவது இன்னொரு தவறு. “துலிப் கிழங்கை இப்போதே மண்ணில் நடுங்கள்” என்பது ஐரோப்பாவுக்குச் சரி. அந்தக் கிழங்குக்குப் பல வாரக் குளிர் வேண்டும். நம் வெப்பத்தில் அது கிடைக்காது. குறிப்பு பொய்யல்ல, இடம்தான் வேறு.

மூன்றாவது தவறு, பாசத்தால் செய்வது. பூக்கவில்லையே என்று தினமும் தண்ணீரைக் கொட்டுகிறோம். மண்ணில் காற்று புகும் இடமெல்லாம் நீர் நிறைந்து, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகுகிறது. தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். பூவுக்கு ஆசைப்பட்டு டெங்கியை வளர்க்கலாமா? விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டு நீரை உடனே கொட்டிவிடுங்கள்.

மாணவர்களே, ஒரே மாதிரியான இரண்டு செவ்வந்தித் தொட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பகலில் ஒரே வெயிலில் இருக்கட்டும். ஒன்றை இரவில் விளக்கடியில் வையுங்கள். மற்றொன்றை மாலை 6 மணி முதல் காலை 7 மணி வரை அட்டைப் பெட்டியால் மூடுங்கள். ஒரு நாளும் தவறாமல் சில வாரங்கள் செய்து, எது முதலில் மொட்டு விடுகிறது என்று குறித்து வாருங்கள்.

தோட்டக்கலையில் பெரிய தவறு செடியைச் சாகவிடுவதல்ல. ஏன் செத்தது என்று கேட்காமல், குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை வாங்குவதுதான்.