மலைவழியும் நம் கடமையும்

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் மணலூர்பேட்டைச் சுற்றுவட்டார இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். மேகம் அருவியும் பெரியார் அருவியும் அவர்களை அழைக்கின்றன. வகுப்பில் ஒருநாள் இப்பயணங்களைப் பற்றிப் பேச்செழுந்தபோது, அமெரிக்க இளைஞர் ஒருவரின் உண்மை வரலாற்றை மாணவர்க்குக் கூறினேன். கூறி முடித்ததும் வகுப்பு இரு கட்சியாகப் பிரிந்தது. அப்பிரிவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்பது அவ்விளைஞரின் பெயர். வசதியான குடும்பத்தில் பிறந்து பட்டம் பெற்றவர். சேமிப்பை அறக்கொடையாக அளித்துவிட்டு, ஈராண்டு நாடோடியாய் அலைந்து, 1992 ஏப்ரலில் அலாஸ்காக் காட்டுக்குள் தனியே நுழைந்தார். சிறிது அரிசி, ஒரு துப்பாக்கி, சில நூல்கள் ஆகியவையே அவர் கொண்ட துணை. வண்டியில் ஏற்றி வந்தவர் தடுத்துப் பார்த்தார். கேளாமையால் தம் காலணிகளையும் உணவையும் கொடுத்தனுப்பினார். கைவிடப்பட்ட பேருந்து ஒன்றில் தங்கிய அவர் ஜூலையில் திரும்ப முயன்றபோது, வரும்போது எளிதாய்க் கடந்த ஆறு பெருக்கெடுத்து ஓடியது. சற்றுத் தொலைவிலேயே அவ்வாற்றைக் கடக்கக் கம்பிவடத்தில் தொங்கும் கூடை ஒன்று இருந்தது. விரிவான நிலப்படம் இன்மையால் அதனை அவர் அறிந்திலர். ஆகஸ்டில் உடல் மெலிந்து மாண்டார். வயது 24.

ஜான் கிராக்கவர் என்பார் 1993இல் இதழொன்றில் இவ்வரலாற்றை எழுதியபோது கடிதங்கள் வந்து குவிந்தன. காட்டின் இயல்பறியாமல் சென்ற செருக்கன் என்று ஒரு சாரார் இகழ்ந்தனர். பொருளாசை துறந்த உண்மைத் தேடலர் என்று மற்றொரு சாரார் போற்றினர். அது 1996இல் நூலாகவும் 2007இல் திரைப்படமாகவும் வந்தபின் பூசல் பெருகிற்றேயன்றிக் குறையவில்லை. என் மாணவரும் இதே இரு கட்சிகளாகவே நின்றனர்.

நம் நாட்டிலும் இத்தகைய பூசலைக் கண்டோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் மலையேற வந்திருந்தோருள் 23 பேர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் நொடியில் பற்றும்; சரிவில் தீ மேல்நோக்கி மனிதரினும் விரைந்து ஓடும். இதனை அறிந்தார் ஒருவர் சொல்லக் கேட்டிருப்பின் எத்தனை உயிர் பிழைத்திருக்குமோ! ஆனால் நாம் பேசியது என்ன? ‘இவர்களை யார் போகச் சொன்னது?’ என்றனர் சிலர். பெண்களுக்கு மலையேற்றம் எதற்கு என்று கேட்டவரும் உண்டு. துயருற்ற பெற்றோர் செவியில் இச்சொற்கள் எவ்வாறு விழுந்திருக்கும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இகழ்ச்சி இறந்தவர்க்கும் பயனில்லை, இருப்பவர்க்கும் பயனில்லை. புகழ்ச்சியோ அதனினும் தீது விளைத்தது. மெக்கேண்ட்லெஸ் தங்கிய பேருந்தைக் காணச் சென்ற இளம்பெண்கள் இருவர் 2010இலும் 2019இலும் அதே ஆற்றுப் பகுதியில் வெள்ளத்தில் மாண்டனர். முடிவில் 2020 ஜூனில் அப்பேருந்தையே ஹெலிகாப்டர் கொண்டு தூக்கி அகற்ற நேர்ந்தது.

இரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அதனை வகுத்தவர் நம் முன்னோர். அதன் பெயர் ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நமக்கு அண்மையிலுள்ள செங்கத்து நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்வது. மலை கொடிது, போகற்க என்று புலவர் பெருங்கௌசிகனார் தடுத்தாரில்லை. இயற்கை இனிது, அஞ்சாது செல்க என்று மயக்கவுமில்லை. பன்றிக்கு வைத்த பொறி உண்டு, ஆதலின் விடிந்தபின் நடமின் என்கிறார். பாசி வழுக்கும் இடத்தில் மூங்கிலையும் நாணலையும் பற்றிக் கடக்கச் சொல்கிறார். கவண்கல் வரும் இடத்தில் மரத்தை மறைவாகக் கொள்ளச் சொல்கிறார். வழி தப்பினால் இசைக்கருவிகளை முழக்குமின், வெள்ளத்தில் வீழ்ந்தாரைக் காக்க விரைவாரைப் போலக் கானவர் ஓடிவருவர் என்றும் தேற்றுகிறார். இப்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் கற்பித்துவந்த குறை என்னுடையதும் ஆகும்.

அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்ற வழித்தடங்களைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியிருப்பது இவ்வாற்றுப்படை நெறியே ஆகும். இனிக் கடமை நம்முடையது. உச்சியில் பெய்த மழை, கீழே வெயிலில் நீராடுவோரைக் கணப்பொழுதில் அடித்துச் செல்லும் என்பதைக் கல்வராயன் மலைவாழ் மக்கள் அறிவர். நம் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு நடக்கப் பழகவேண்டும்.

உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். தவக்குல் என்பது கவனமின்மைக்கு மறுபெயரன்று. அதுபோலவே பயணத்தைத் தடுப்பதும் நம் மரபன்று. 1325இல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா மதுரை வரை வந்து சென்றதும், பல்லாண்டு அலைந்து தாயகம் மீண்டதும் வரலாறு. கடந்த ஊர்தோறும் வழி வினவித் துணை சேர்ந்து சென்றவர் அவர்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகள் நம்மிடம் சொல்லாமல் மலைக்குச் செல்வது, சொன்னால் தடுப்போம் என்னும் அச்சத்தால். சொல்லிவிட்டுச் செல்லும் துணிவை அவர்க்கு நாம் அளிப்போம். செல்லுமுன் வழியையும் சொல்லி அனுப்புவோம். சென்றவர் அனைவரும் நலமே இல்லம் திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக!