வாயில் நுழையாத பெயரும் வீண் சிரிப்பும்

இப்போது பல வீடுகளில் நாய், பூனை, கிளியோடு ஹாம்ஸ்டர் என்கிற குட்டி எலியும் வந்து சேர்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கிவிடும். கூண்டுக்குள் இருக்கிற சக்கரத்தில் ராத்திரியெல்லாம் ஓடும். பிள்ளைகள் ஆசைப்பட்டு வளர்ப்பதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதன் பெயரை வைத்து வீட்டுப் பெரியவர்களைப் படுத்துகிற பாடுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு ஹாம்ஸ்டர் வளர்க்கிறார்கள். கூண்டைச் சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, தானியம் வைப்பது எல்லாம் பாட்டிதான். ஒருநாள் விருந்தாளிகள் வந்திருந்தபோது, "ஆம்ஸ்டருக்குத் தீனி வச்சாச்சுடா கண்ணு" என்றார். பேரன் அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரித்தான். கூட இருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். பெற்றவர்கள் ஒரு வார்த்தை அதட்டவில்லை. அன்றிலிருந்து அந்த அம்மா நாலு பேர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. "அந்த எலி" என்பதோடு சரி. வேலை செய்ய மட்டும் அவர் வேண்டும், பேசினால் கேலியா?

அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டார்? நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். இந்தப் பெயர் இங்கிலீஷுக்கே சொந்தமில்லை, ஜெர்மன் மொழியிலிருந்து போனது. ஜெர்மன்காரர்கள் 'ஹம்ஸ்டர்' என்பது போலச் சொல்கிறார்கள். இங்கிலீஷ்காரர்கள் 'ஹா'வுக்கும் 'ஹே'வுக்கும் நடுவில் ஒரு ஓசையில் சொல்கிறார்கள். அந்த ஓசைக்குத் தமிழில் எழுத்தே இல்லை. அதனால்தான் நம்மில் சிலர் ஹாம்ஸ்டர் என்கிறோம், சிலர் ஹேம்ஸ்டர் என்கிறோம். இங்கிலீஷ்காரர்களிலேயே சிலர் இல்லாத 'ப்'பை நடுவில் சேர்த்து 'ஹாம்ப்ஸ்டர்' என்று சொல்வதுண்டு. பாட்டி விட்டது 'ஹ' ஒன்றைத்தான். அதுவோ நம் 247 எழுத்திலேயே சேராத வடவெழுத்து!

அந்தப் பிராணியும் இங்கிலீஷ் நாட்டுச் சரக்கு அல்ல. வீடுகளில் வளர்க்கிற பொன்னிற ஹாம்ஸ்டர் பெரும்பாலும் 1930-ல் சிரியா நாட்டு அலெப்போ பக்கம் பிடித்த ஒரு தாயும் குட்டிகளும் பெருகி வந்த வம்சம்தான்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். நம் ஊர்ப் பெருச்சாளிக்கு இங்கிலீஷில் 'பாண்டிகூட்' என்று பெயர். அது தெலுங்கில் 'பந்திக்கொக்கு', அதாவது பன்றி எலி. வெள்ளைக்காரனுக்கு அது வாயில் நுழையவில்லை. வந்தபடி சொன்னான், அதுவே அகராதியில் ஏறிவிட்டது. தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றான். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்றான். நாம் சிரித்தோமா? நாமும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டோம். அவன் திரித்தால் நாகரிகம், நம் பாட்டி திரித்தால் பட்டிக்காடா?

சரியாகச் சொல்லிப் பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சரியாகவே சொல்லட்டும். பாட்டிக்கும் ஆசையிருந்தால் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டிச் சிரிப்பது பாடம் அல்ல, அவமானம்.

இது பாட்டியோடு நிற்காது. இன்று அவரைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை, நாளை நம்மோடு பேங்குக்கோ பள்ளிக்கூட மீட்டிங்குக்கோ வரும்போது, "அம்மா, நீ பேசாதே, நான் பேசிக்கிறேன்" என்று சொல்லும். இப்படித்தான் நம்மில் எத்தனையோ பேர் விஷயம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே தோழிகளே, உங்கள் வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு கேட்டால் கூடச் சேர்ந்து சிரிக்காதீர்கள். முதல் தடவையிலேயே கண்டித்து வையுங்கள்.

- ஒரு வாசகி, திருமங்கலம்.