பென்சில் சுழியை எந்தத் தளத்துல ஏத்துவீங்க?

செல்லூர்க்காரன்னு சொன்னதும் எதிர்ல இருக்கிறவர் முகத்துல ஒரு சிரிப்பு வரும். தெரியும் சாமி, தெர்மாகோல் தானே? 2017 ஏப்ரல்ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கணும்னு, அப்போ கூட்டுறவுத்துறை அமைச்சரா இருந்த செல்லூர் ராஜூ தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார். காத்து அடிச்சு அட்டையெல்லாம் கரை ஒதுங்கிருச்சு. ஊரே சிரிச்சுச்சு. காலேஜ் ஹாஸ்டல்ல உக்காந்து நானும் சிரிச்சேன்.

அப்புறம் பொட்டி தட்டுற வேலைக்கு வந்து, நாலு காசு பாத்து, நானே ஒரு தெர்மாகோல் விட்டேன். எங்க சித்தப்பா கடைல.

சித்தப்பாவுக்கு செல்லூர்ல துண்டு யாவாரம். விசைத்தறி கொஞ்சம் சொந்தம், மிச்சம் கூலிக்கு நெசவு. ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்ல குரல் பதிவா வரும். கணக்கெழுதுற அக்கா அதைக் கேட்டு நோட்டுல எழுதுவாங்க, அப்புறம் டாலில பில் போடுவாங்க, இ-வே பில் எடுப்பாங்க, லாரி ஆபீஸ் ரசீதை போட்டோ புடிச்சு கடைக்காரருக்கு அனுப்புவாங்க, வசூலுக்கு ஞாபகப்படுத்துவாங்க. ராத்திரி ஒன்பதாகும் அவங்க கெளம்ப. "டேய், நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, இதுக்கு ஏதாச்சும் பண்ணக்கூடாதா?"ன்னார் சித்தப்பா. நியாயமான கேள்வி.

நான் என்ன பண்ணேன்? நம்மாளுங்க எல்லாரும் பண்றதைத்தான் பண்ணேன். ஒரு ஆப்புல ஒண்ணு நடந்தா இன்னொரு ஆப்புல அடுத்த வேலை தானா நடக்கிற மாதிரி கோத்து விடுற தளங்கள் இருக்கே... ஜேப்பியர், மேக், என்எய்ட்என், ஜோஹோ ஃப்ளோ... எல்லாத்தையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டேன். எது எத்தனை ஆப்போட சேரும், எதுல ஏஐ இருக்கு, எதுக்கு எத்தனை நட்சத்திரம். ரெண்டு வார ராத்திரி வேலை. ஒண்ணைத் தேர்ந்தெடுத்து (எதுன்னு சொல்லப் போறதில்லை, தப்பு அதோடது இல்லை) வசூல் ஞாபகத்தை மொதல்ல ஏத்தினேன். சிறு உற்பத்தியாளருக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும்ங்கிற சட்டம் 2006லயே வந்தது. குடுக்கலைன்னா வாங்கினவரோட வருமான வரிக் கணக்கையும் பாதிக்கும்னு 2024 ஏப்ரல்ல இருந்து ஆக்கிட்டாங்க. ஆடிட்டரும் வசூலைப் பாருங்கன்னு நெருக்கிட்டு இருந்தார். 46வது நாள், காலைல 9 மணி, செய்தி தானா போகும். சூப்பர்ல?

மூணாவது வாரம் திண்டுக்கல் பக்கம் ஒரு பழைய கடைக்காரருக்குப் போச்சு. அவங்கப்பா தவறி அன்னைக்கு மூணாம் நாள். சித்தப்பாவே மாலை வாங்கிட்டுப் போய் துக்கம் கேட்டுட்டு வந்திருந்தார். அந்த மனுஷனுக்கு காலைல 9 மணிக்கு "தங்கள் நிலுவை கெடு தாண்டிவிட்டது, உடனடியாகச் செலுத்தவும்"னு எங்க கடை நம்பர்ல இருந்து செய்தி. மதியத்துக்குள்ள முழுப் பணமும் வந்துருச்சு. ஒரு வார்த்தை எழுதலை. அதோட ஆர்டரும் நின்னு போச்சு. இருபது வருஷத்துப் பழக்கம்.

அக்கா என்னைத் திட்டலை. நோட்டைத் திறந்து காட்டினாங்க. அவர் பேருக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னதா ஒரு சுழி. இப்ப கேக்கக் கூடாதுன்னு அர்த்தமாம். வீட்ல கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, கடைல தீ... அதெல்லாம் தெரிஞ்சா சுழி. நான் அந்த நோட்டுல இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஷீட்ல ஏத்தியிருந்தேன். சுழியை மட்டும் கிறுக்கல்னு நெனச்சு விட்டுட்டேன்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, "சின்னக் கம்பெனிக்கு எந்தத் தளம் நல்லது?"ன்னு யார் கேட்டாலும் நம்ம பொட்டிதட்டிகள் மூணு நிமிஷத்துல பேர் சொல்லிர்றோம். கடையை எட்டிக்கூடப் பாக்குறதில்லை. அணைல காத்து அடிக்குமான்னு யோசிக்காம அட்டையை விட்ட கதை தான். அவங்களுக்கு ஊர் சிரிப்பாச்சும் கெடைச்சது, நமக்கு அதுவும் கெடையாது. கடைக்காரர் சத்தமில்லாம காசைக் கட்டிட்டு, ஆறு மாசத்துல நோட்டுக்கே திரும்பிருவார்.

தளத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாதுன்னு சொல்லலை. ஆனா நட்சத்திரத்தை விட்டுட்டு இதைக் கேளுங்கய்யா.

ஒண்ணு, எதை எண்ணி காசு வாங்குறான்? ஒரு நாளைக்கு 30 ஆர்டர், மாசம் 26 நாள்னா 780 ஆர்டர். ஒவ்வொண்ணுக்கும் ஆறு படி வேலைன்னா 4,680. ஜேப்பியர் படியை எண்ணுவான். மேக்கும் அப்படித்தான், கிரெடிட்னு பேர் வெச்சிருக்கான். புதுசா ஏதும் வந்திருக்கான்னு கால் மணிக்கொரு தடவை எட்டிப் பாத்தாலே, ஒண்ணும் வராட்டிக்கூட, மாசம் 2,880 போயிரும். என்எய்ட்என் தன்னோட சர்வர்ல வெச்சுக் குடுத்தா முழு ஓட்டத்தையும் ஒண்ணா எண்ணுவான், அதாவது 780. துண்டு யாவாரத்துல தீபாவளி, சித்திரைத் திருவிழா, தேர்தல் வந்தா கட்சித் துண்டுன்னு ஆர்டர் ரெண்டு மடங்காகும். யாவாரம் சூடு புடிக்கிற மாசத்துல தான் கோட்டா தீரும்.

ரெண்டு, "என்எய்ட்என் சொந்த சர்வர்ல போட்டா ஓசி தானே?"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். சொந்தக் கம்பெனி உபயோகத்துக்கு ஓசி தான். சர்வர் வாடகை, அப்டேட், பேக்கப், நடு ராத்திரி அது படுத்துட்டா எழுப்பி விடுறது? யானையைக் கட்டித் தீனி போடுற கதை. நீங்க பெங்களூருக்கோ டல்லாஸுக்கோ மாத்தலாகிப் போனா, அக்காவா வந்து பாப்பாங்க?

மூணு, அவங்க கம்ப்யூட்டரோட சேருமா? டாலி கடைல இருக்கிற கம்ப்யூட்டர்ல ஓடுது. சாயங்காலம் சுவிட்சை அணைச்சிட்டுப் போயிருவாய்ங்க. இணையத்துல இருக்கிற தளம் அதை நேராத் தொட முடியாது, நடுவுல ஒரு பாலம் போடணும். வாட்ஸ்அப்லயும் அதிகாரபூர்வ வழிக்குச் செய்திக்குச் செய்தி காசுன்னு குறுக்கு வழில போனா, ஒரு நாள் நம்பரையே முடக்கிருவான். அந்த நம்பர் கடை போர்டுல, பில் புக்குல, துண்டு லேபிள்ல இருக்கு.

நாலு, வெளிய வர முடியுமா? கூகுளே ஆப் மேக்கர்னு ஒண்ணைக் கொண்டு வந்து 2021 ஜனவரில மூடுச்சு. ஒரு தளத்துல கோத்ததை அப்படியே இன்னொண்ணுல கோக்க முடியாது. அதனால வேலை ஓட்டத்தை மொதல்ல தமிழ்ல, காகிதத்துல, அக்கா வாசிச்சு "ஆமா, இப்படித்தான்"னு சொல்ற மாதிரி எழுதுங்க. நாளைக்கே தளம் போனாலும், ஒரே காலைல நோட்டுக்குத் திரும்ப முடியணும்.

"அப்ப காலத்துக்கும் நோட்டுலயே எழுதச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லை. அக்காவை ஒன்பது மணி வரைக்கும் உக்கார வெச்சது சுழி இல்லை. ஒரே விலாசத்தையும் ஜிஎஸ்டி எண்ணையும் நாலு இடத்துல அடிக்கிறது, ரசீது போட்டோவைத் தேடி அனுப்புறது. அது மாட்டு வேலை, அதை மெஷினுக்குக் குடுங்க. யாரைக் கேக்கணும், யாரை விடணும்ங்கிறது ஆள் வேலை. இந்த ரெண்டையும் பிரிக்கத் தெரியாதவன் கைல எந்தத் தளம் குடுத்தாலும் நாசந்தான். நான் தான் சாட்சி.

இப்ப கடைல ஓடுறது ஒரு கூகுள் ஷீட், அதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். பெருமையாச் சொல்லிக்க ஒண்ணும் இல்லை. ஸ்கிரிப்ட் நின்னா எனக்கு மெயில் வரும். நான் இல்லாட்டி அக்கா பழைய மாதிரியே பண்ணிக்குவாங்க. காலைல பத்து மணிக்கு கெடு தாண்டினவங்க பட்டியல் வரும், அவ்வளவு தான். யாருக்கும் தானா செய்தி போகாது. அக்கா பாத்து டிக் போட்டா மட்டும் போகும். அவங்க இப்ப ஏழு மணிக்கு வீட்டுக்குக் கெளம்பிர்றாங்க.

ஷீட்ல ஒரு கட்டத்துக்கு "சுழி"ன்னே பேர் வெச்சிருக்கேன். அதைத் திருத்த அக்காவுக்கு மட்டும் தான் அனுமதி. ஏன் சுழி போட்டீங்கன்னு நான் கேக்குறதில்லை.

பி.கு: திண்டுக்கல்காரர் கடைக்கு சித்தப்பா நேர்ல போய்ட்டு வந்தார். காப்பி குடுத்தாராம், நல்லாப் பேசினாராம். ஆர்டர் இன்னும் வரலை.