நுளம்பும் காட்டுக்குதிரையும்

போர்க்காலச் சங்கேத மொழி எண்டவுடனே எங்களுக்கு ஞாபகம் வாறது நவஹோதான். 2002இல் வந்த 'விண்ட்டோக்கர்ஸ்' படமும் ஒரு காரணம். ஆனா கனடாவிலயும் இப்பிடி ஒரு கதை இருக்கு.

சார்ள்ஸ் ரொம்கின்ஸ், அல்பேர்ட்டாக்காரர். கிரீ மொழி பேசுபவர். இரண்டாம் உலகப்போரில் கனேடியப் படையோட இங்கிலாந்து போனவரை அமெரிக்காவின் 8ஆவது விமானப்படையோட சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் வாற செய்தியை ஒருவர் கிரீயில் மாற்றி அனுப்புவார். மற்றப் பக்கத்தில இருக்கிற கிரீக்காரர் அதைத் திருப்பி ஆங்கிலமாக்குவார். போர்விமானத்துக்குக் கிரீயில எங்க சொல் இருக்கு? மஸ்டாங் 'காட்டுக்குதிரை' ஆச்சு, ஸ்பிட்ஃபயர் 'நெருப்பு', மொஸ்கிற்றோ 'நுளம்பு'. ஒட்டுக்கேட்டவனுக்கு மண்டை காய்ஞ்சிருக்கும் :-)

வெளியில சொல்லக்கூடாது எண்டு சத்தியமும் வாங்கியிருந்தார்கள். 2003இல் அவர் இறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் விசயம் வெளியில வந்தது. அவரைப் பற்றின ஆவணப்படம் வந்தது 2016இல்.

இதை 'மொழியின் பெருமை' எண்டு கொண்டாட எனக்கு மனம் வரேல்லை. அதே காலத்தில, இதே நாட்டின் வதிவிடப் பாடசாலைகளில், தாய்மொழியில் கதைச்சதுக்காகப் பழங்குடிப் பிள்ளைகள் அடி வாங்கினவை. அந்தப் பாடசாலைகளுக்குள்ள போன பிள்ளைகள் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல. அமெரிக்காவிலயும் இதே கதைதான். முதல் 29 நவஹோ வீரர்களில் ஒருவரான செஸ்டர் நெஸ், நவஹோ கதைச்சதுக்காகப் பள்ளியில வாயை சோப்பால கழுவினதைச் சொல்லியிருக்கிறார். வகுப்பறையில குற்றம், போர்முனையில ஆயுதம்! வெளியாக்கள் ஆரும் படிக்க அக்கறைப்படாத மொழி எண்டதாலதான் அது ரகசியத்துக்கு உதவினது. அந்த அலட்சியத்திலயும் இராணுவம் லாபம் பாத்திருக்கு.

ரூஜ் பக்கத்துத் தமிழருக்கு இதில என்ன எண்டு கேக்கலாம். ரூஜ் ஆற்றங்கரையில 17ஆம் நூற்றாண்டில செனெக்கா மக்களின் ஊர் ஒண்டு இருந்தது. செனெக்காவைத் தாய்மொழியாய்ப் பேசுறவை இண்டைக்கு மிகச் சொற்பம். 1956இன் தனிச்சிங்களச் சட்டம் என்ன செய்தது எண்டு தெரிஞ்ச சனம் இப்ப அதே மண்ணில வீடு வாங்கி இருக்கிறம். இந்தப் பகுதியின் தமிழ் எம்.பி. கரி ஆனந்தசங்கரி 2023 தொடக்கம் 2025 வரை பழங்குடியினர் உறவுகளுக்கான அமைச்சராயும் இருந்தவர்.

ஜனவரியில தமிழ் மரபுத் திங்கள் கொண்டாடுறம், பிள்ளைகளைச் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போறம். நல்லது. பழங்குடி மொழிகளுக்கு 2019இல் ஒரு சட்டம் வந்திருக்கு, ஆனா சட்டம் மட்டும் பிள்ளைக்குப் பேசப் பழக்காது. வகுப்புக்கும் ஆசிரியருக்கும் காசு வேணும் எண்டு அவை கேக்கேக்க, முதல்ல பக்கத்தில நிக்க வேண்டியது நாங்கள்தான். ஒரு மொழிக்கு மரியாதை அதில பிள்ளைகள் சண்டை பிடிக்கிறதும் விளையாடுறதும்தான். பதக்கம் எல்லாம் பிறகு.

நீங்கள் என்ன சொல்றியள்?