நிறம் நீங்கினால் நீர் தூயதாகுமா?

நாம் விரும்பி உடுத்தும் வண்ண ஆடைகளின் சாயம் முழுவதும் துணியில் தங்கிவிடுவதில்லை. எஞ்சியது கழிவுநீருடன் வெளியேறுகிறது. திருப்பூரின் நொய்யல் ஆறும், அதன் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் பாழ்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள்.

இச்சாயத்தை ஒளியைக் கொண்டே அழிக்க இயலும் என்பது வியப்பன்றோ! டைட்டானியம் டை ஆக்ஸைடு என்பது வெள்ளைப் பெயிண்டில் சேர்க்கப்படும் தூள். அதன்மீது புற ஊதாக் கதிர் படும்போது நீர் பிரிவதை ஜப்பானிய அறிஞர்களான ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் எடுத்துக்காட்டினர். அதே தூளைக் கழிவுநீரில் இட்டு ஒளி பாய்ச்சினால், ஹைட்ராக்சில் என்னும் வீரியமிக்க துகள்கள் தோன்றிச் சாய மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. தூளோ செலவாவதில்லை, ஆகவேதான் அதனை வினையூக்கி என்கிறோம்.

ஆயினும் தடைகள் உள. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 100இல் 5 பங்கே. நிறம் அடர்ந்த நீரினுள் அதுவும் ஆழமாகச் செல்லாது. எல்லாவற்றிற்கும் மேலாக, சாயம் துணியில் பற்றுவதற்காகக் கொட்டப்படும் உப்பை இம்முறை தொடுவதேயில்லை. நிறம் நீங்கிப் பளிங்கெனத் தோன்றும் நீரும் உழவனின் நிலத்தை உவராக்கிவிடும். உப்பைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டிகளும் ஆவியாக்கும் கலன்களும் தேவை, அவற்றிற்கோ பெருஞ்செலவு.

2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறலாகாது என வலியுறுத்தியதன் பொருள் இதுவே.

ஆகவே, தெளிந்த நீரைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். "நிறம் போயிற்று, உப்பு எங்கே போயிற்று?" என்று கேளுங்கள்.