நாய்க்குப் பெயர் இருக்கிறது

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைகள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. காவலரிடம் கேட்டோம், திறந்துவிட்டார். முந்நூறு வருடத்துக்கு முந்தி செத்தவர்களின் பெயர், தேதி எல்லாம் கல்லில் அப்படியே நிற்கிறது. கூட வந்த நண்பர், "நாம எரிச்சு சாம்பலைக் கடல்ல கரைச்சிருவோம். கல்லுல பேர் வெட்டுறதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்றார். இதைப் பலர் பெருமையாகவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெருமையல்ல, சாக்கு.

அடுத்த ஞாயிறு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அங்கே கிடக்கிறார்கள். தெற்கு, கிழக்கு இந்தியாவில் நிரந்தரப் பராமரிப்புக்கு உறுதியில்லாமல் சிதறிக் கிடந்த கல்லறைகளிலிருந்து எடுத்துவந்து 1952இல் ஒழுங்குபடுத்தியது. விமானப்படைக்காரர்கள் முன் கொஞ்சம் அதிகமாகவே நின்றேன். பலருக்கு இருபது சொச்சம் வயதுதான். குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தால் யாருடைய எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாது. அப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் மொத்தக் குழுவையும் ஒரே குழியில் வைக்கும். ஆனால் விமானி, வழிகாட்டி, துப்பாக்கிக்காரன் என்று ஒவ்வொருவர் பெயரும் தனித்தனியாக இருக்கும்.

அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து கிளம்பிய லிபரேட்டர் விமானங்கள் எதைக் குண்டுபோட்டன என்று பாருங்கள். அவற்றின் இலக்குகளில் ஒன்று சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் 1942, 43இல் போட்டது. அதில் செத்த போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். காஞ்சனபுரியில் மட்டும் 6,982 பேருக்குக் கல்லறை. செத்த ஆசியக் கூலிகள் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை என்கிறார்கள். அவர்களில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அந்த மதிப்பீட்டில் விடுபட்டிருக்கும் இருபதாயிரத்தை ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு டவுன் ஜனத்தொகை அது.

எரித்ததால் பெயர் போனதா? இம்பாலில், எரிக்கப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்களுக்கென்றே தனி நினைவுச்சின்னம் இருக்கிறது, 868 பெயர்களோடு. சாம்பலுக்கும் பெயர் வைக்கலாம். மரபா? மாமல்லபுரம் பல்லவர்களுடையது; அந்த வம்சத்து மகேந்திரவர்மன் காலத்தில், திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். எஜமானன் இறந்த பிறகும் நின்று இரண்டு கள்வரைக் கடித்த நாயின் பெயர் அதில் இருக்கிறது: கோவிவன். நாய்க்குப் பெயர் வெட்டிய ஊர்க்காரர்கள் நாம்.

வெள்ளைக்காரன் யோக்கியன் என்றும் சொல்லவரவில்லை. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சமமாக நினைவுகூரவில்லை, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரையே விட்டுவிட்டோம் என்று அதே ஆணையத்தின் அறிக்கை 2021இல் ஒப்புக்கொண்டது. நூறு வருடம் கழித்து. சரி, அவன் ஒப்புக்கொண்டான். நாம்?

தோட்டத்தில் தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் செக்ரோல் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். சம்பளம் பிடிக்கப் பெயர் இருந்தது. செத்ததை எழுதத்தான் ஆளில்லை. மலேசியாவில் ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். ஆட்கள் கிளம்பிப்போன தமிழ்நாட்டு ஊர்களில் இன்னும் வாய்மொழியாகவாவது கிடைக்கும் பெயர்களை யார் போய்க் கேட்டோம்?

நண்பருக்கு போனில் இதையெல்லாம் கொட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தாத்தாவின் அண்ணன் ஒருவர் மலேயா போய்த் திரும்பவே இல்லையாம். ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனதாக வீட்டில் பேச்சு. பெயர் என்ன என்று கேட்டேன்.

"அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றார்.