யார் தோலில் எழுதிய மருத்துவம்?

பருவுக்கு மருந்துக்கடையில் நாம் வாங்கும் டிரெட்டினாயின் களிம்பு யார் முதுகில் சோதிக்கப்பட்டது? அமெரிக்காவில், பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் முதுகில். பெரும்பாலோர் கறுப்பர்கள், பலர் ஜாமீனுக்குப் பணமில்லாத விசாரணைக் கைதிகள். 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் அங்கே சோதனை நடத்தினார். ஏஜென்ட் ஆரஞ்சில் இருந்த டையாக்சின் நஞ்சைக்கூடத் தடவிப் பார்த்தார்கள். கூலி, சில டாலர்.

'கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள்' என்கிறார்கள். மலக்குழியில் செத்தவரையும் 'அவராகத்தான் இறங்கினார்' என்று சொல்லக் கேட்டவர்கள் நாம். அதே சம்மதம்தான் இது.

2000இல் சுமார் 300 பேர் வழக்குப் போட்டார்கள். காலக்கெடு முடிந்துவிட்டதாம், தள்ளுபடி. கிளிக்மன் 2010இல் இறந்தார். மாநகர நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2022இல். அந்த மன்னிப்போடு நட்டஈடு வரவில்லை.